வழியில் சூடில்லை, வாசலில்?

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சுடும். மடியில் வைத்த கணினி சுடுவதற்கும், தரவு மையங்கள் குளிரூட்டவே தனியாக மின்சாரத்தைக் கொட்டி அழுவதற்கும் அடிப்படை இதுதான். ஸ்பின் அலைகள்மீது இயற்பியலாளர்களுக்கு ஆசை வந்ததும் இந்தச் சூட்டினால்தான். இரும்பு போன்ற காந்தப் பொருளில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்றை அசைத்தால் அடுத்தது அசையும், அதற்கடுத்தது அசையும். காற்றடித்த நெல்வயலைப் போல அலை போய்ச் சேர்ந்துவிடும்; கதிர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபெலிக்ஸ் பிளாக் 1930இல் ஏட்டில் கண்டறிந்த இந்த அலையில் எலெக்ட்ரான் பயணம் செய்வதில்லை. அதனால் மின்தடையும் இல்லை, அது தரும் சூடும் இல்லை என்பது வாதம்.

வாதத்துக்கு வலு சேர்க்கும் வேறு குணங்களும் உண்டு. 10 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். அதே அதிர்வெண்ணில் ஸ்பின் அலையை மைக்ரோமீட்டருக்கும் கீழே சுருக்கலாம், சில்லுக்குள் அடங்கிவிடும். தகவலை அலையின் கட்டத்தில் ஏற்றலாம் என்பது இன்னும் அழகு. மேடாக வந்தால் 0, பள்ளமாக வந்தால் 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்று அலைகள் ஓரிடத்தில் கூடினால், எந்தப் பக்கம் இரண்டு இருக்கிறதோ அந்தப் பக்கமே விடை சாயும். டிரான்சிஸ்டர்களில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து செய்யும் இந்த வாக்கெடுப்பை, அலைகள் சந்தித்த மாத்திரத்தில் முடித்துவிடுகின்றன. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் ஆய்வாளர்கள் 2017இல் இதை மில்லிமீட்டர் அளவில் செய்து காட்டினார்கள். பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனம் 2020இல் மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் அந்த வாக்கெடுப்பின் முடிவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் வெளிவரும் அலையின் உயரம் 3. இரண்டுக்கு ஒன்று என்றால் 1தான். விடை ஒன்றே, குரல் வேறு. இந்த அலையை அப்படியே அடுத்த தர்க்க வாயிலுக்கு அனுப்பினால், உரத்த குரல் ஒன்று மெல்லிய குரல் இரண்டை அமுக்கிவிடும், பெரும்பான்மை தோற்றுப்போகும். டிரான்சிஸ்டரில் ஒவ்வொரு படியிலும் குறிகை தானே சரியான மட்டத்துக்குத் திரும்பும். அந்த வசதி இங்கே இயல்பாகக் கிடையாது. அலைக்குள்ளேயே உயரத்தைச் சீராக்கும் இணைப்பிகளை முயன்று வருகிறார்கள். அது கைகூடாத வரை ஒவ்வொரு படியிலும் அலையை மின்சாரமாக்கி, சரிசெய்து, மறுபடி அலையாக்குவதே வழி.

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அலையை எழுப்புவது நுண்ணலை மின்சாரம் ஓடும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை. அந்தப் பட்டை சுடும். கொடுத்த ஆற்றலில் சிறு பங்கே அலையாகும். வாசிக்கும் முனையிலும் இழப்புதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ‘மின்னூட்டம் நகரவில்லை, ஆகவே சூடில்லை’ என்பது பொய்யல்ல. வழிச்செலவை மட்டும் எழுதி, ஏற்றுகூலி இறக்குகூலியை மறைத்த கணக்கு.

பொருளும் லேசில் மசிவதில்லை. அலை நெடுந்தூரம் தணியாமல் ஓடுவது இட்ரியம் இரும்பு கார்னெட்டில். ஆய்வகங்களில் சுருக்கமாக ‘யிக்’. ஆனால் அதன் தரமான படலம், காடோலினியம் காலியம் கார்னெட் என்ற விலையுயர்ந்த படிகத்தின்மேல், சுமார் 900 டிகிரி வெப்பத்தில் வளர்வது. சிலிக்கானோடு அதற்கு ஒட்டுறவில்லை. சிலிக்கானோடு ஒத்துப்போகும் பெர்மலாய் போன்ற உலோகக் கலவைகளில் தணிப்பு நூறு மடங்குக்கும் மேல். அலை சில மைக்ரோமீட்டரில் மூச்சை விட்டுவிடும். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் அதே ஹெமடைட்டில் ஸ்பின் பல பத்து மைக்ரோமீட்டர் பயணிப்பதை 2018இல் கண்டார்கள். ஆசை காட்டும் செய்தி, அவ்வளவே.

கணினிச் சில்லோடு போட்டிக்கு நிறுத்தியதுதான் இந்தத் துறைக்கு நேர்ந்த தவறு என்று எனக்குப் படுகிறது. குறிகை ஏற்கெனவே நுண்ணலையாக இருக்கும் இடத்தில் வாசல் வரி குறைவு. கடுகளவு யிக் உருண்டைகள் பல பத்தாண்டுகளாக அலைமாலை அளவிகளுக்குள் வடிகட்டியாக உழைக்கின்றன. அங்கே அலை ஓடுவதில்லை. உருண்டை முழுவதும் சேர்ந்தாடுகிறது. காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட, டெஸ்லாவுக்கு 28 ஜிகாஹெர்ட்ஸ் வீதம் அதிர்வெண் ஏறும். அந்த வடிகட்டியைத் தொட்டுப் பார்த்தால் சூடாகத்தான் இருக்கும். காந்தப்புலம் தருவது ஒரு செப்புச் சுருள்; அதில் ஓடுவது மின்சாரம்.