ஓப்பர்மான் குடும்பத்தின் பெயர்கள்

வரலாற்றுப் புதினம் எழுதுவோருட் சிலர், வீரனுக்கு வீரம் எனப் பொருள்படும் பெயரும் யூத முதியவருக்கு விவிலியப் பெயரும் தேடிச் சூட்டிவிட்டாற் போதுமென எண்ணுகின்றனர். பெயரைக் காரணப் பெயரென்றும் இடுகுறிப் பெயரென்றும் நன்னூலார் பகுப்பார். மாந்தர்க்கு இடும் பெயரின் காரணத்தையோ இட்ட பெற்றோரின் உள்ளத்தில்தான் தேடவேண்டும்.

இதனை நன்கறிந்தவர் லியோன் பாய்க்ட்வாங்கர். 1933இல் நாடு துறந்த நிலையில் அவர் எழுதிய புதினம், பெர்லினில் மேசை நாற்காலி வாணிகம் நடத்திய ஓப்பர்மான் என்னும் யூதக் குடும்பத்தின் கதை. கடையை நிறுவிய பாட்டனார் பெயர் இம்மானுவேல். 'இறைவன் நம்மோடு' என்பது அவ்வெபிரேயச் சொல்லின் பொருள். ஆயினும் கிறிஸ்தவராய்ப் பிறந்த மெய்யியலார் கான்ட்டுக்கும் அதுவே பெயர். பேரர்களோ குஸ்தாவ், மார்ட்டின், எட்கார், பேர்த்தி கிளாரா. ஒன்றிலேனும் எபிரேய வாடை இல்லை. 'நாங்கள் ஜெர்மானியரே' என்று அவர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டுமோ? மார்ட்டினின் மகன் பெர்டோல்ட். பழைய ஜெர்மானியப் பெயர் தாங்கிய அச்சிறுவனையே, ஜெர்மானியப் பெருமையை இழித்துரைத்தான் என்று நாஜி ஆசிரியன் நெருக்குகிறான். சிறுவன் தற்கொலை செய்துகொள்கிறான். எட்காரின் மகள் சியோனியக் கொள்கையினள். அவள் பெயர் ரூத். மோவாபிலிருந்து வந்து இஸ்ரவேலரோடு சேர்ந்தவளின் பெயர் அது. அந்நாளில் கிறிஸ்தவரும் விரும்பி இட்ட பெயராதலின் கதையில் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

அந்த ஆசிரியன் பெயர் போகல்சாங். 'புள்ளிசை' என்று பொருள்! கொடியவனுக்குக் கொடும்பெயர் தேடாத துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

குடிப்பெயரோ இவை அனைத்தினும் நுட்பமானது. ஓப்பர்மான் என்பது வடஜெர்மனியில் மாதா கோயில் ஊழியனைக் குறித்த தொழிற்பெயர். அதனை யூதர் சுமக்கின்றனர். ஆனால் 1933இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த முதல் ஜெர்மன் பதிப்பில் அது ஓப்பன்ஹைம் என மாற்றப்பட்டது. ஓப்பன்ஹைம் ஊரால் வந்த பெயர். கேட்டவுடன் யூதரென்று காட்டிக் கொடுப்பது. அம்மாற்றத்தால் கதையின் முள் முறிந்தது என்பேன். பிற்பதிப்புகள் பழைய பெயரை மீட்டுத் தந்தமை நன்று.

1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு வகுத்த யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயருடைய யூத ஆடவர் 'இஸ்ரேல்' என்றும், பெண்டிர் 'சாரா' என்றும் 1939 சனவரி முதல் நாள் தொட்டுத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே 1937இல் நிகழும் கதையில் ஒருவன் குஸ்தாவ். ஈராண்டு கழித்து, அரசு ஏட்டிலும் வாணிக ஒப்பந்தத்திலும் அவனே குஸ்தாவ் இஸ்ரேல்.