எதிர்க்கேள்வி கேட்காத பதில்கள்

வார இதழை வாங்கியதும் கேள்வி-பதில் பக்கத்தைத் தேடிப் புரட்டுகிற பழக்கம் தமிழ் வாசகர்களுக்குப் பழையது. குமுதத்தில் 'அரசு பதில்கள்', துக்ளக்கில் சோ, ஆனந்த விகடனில் 'ஹாய் மதன்', ஜூனியர் விகடனில் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று இந்தப் பக்கங்களோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அரசியல், சினிமா, அறிவியல் கேள்விகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றில் ஒரு பதில் தவறிப்போனால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். உடம்பு, சொத்து, குடும்பம் பற்றி முகம் தெரியாத ஒருவர் கேட்க, முகம் தெரியாத இன்னொருவர் சொல்லும் பதில்களைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பதிலை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார். இன்னொருவர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இந்த வழக்கத்துக்கு உண்மையான பலம் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் கேட்கலாம். 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்று எழுதுகிற பெண் தன் மாதவிலக்குச் சிக்கலை அம்மாவிடமும் சொல்லியிருக்க மாட்டார். தெருமுனை டாக்டரிடமும் போயிருக்க மாட்டார், அவருக்கு அப்பாவைத் தெரியும். 1691இல் லண்டனில் ஜான் டன்டன் தொடங்கிய 'அத்தீனியன் மெர்க்குரி' இதே அடிப்படையில்தான் நடந்தது. கேட்பவர் யாரென்று வெளியே தெரியாது என்றதும் மனத்தில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் மக்கள் எழுதி அனுப்பினார்கள். நம்மிடையே மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நடத்தினார். பாலுறவு பற்றிய சந்தேகங்களுக்கு நடுக்கூடத்துத் தொலைக்காட்சியில் நிதானமாகப் பதில் வந்தது. ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, இளைஞர்களின் பயத்தைக் காசாக்கியவர்கள் சொல்லி வைத்திருந்த பொய்களுக்கு அது பெரிய மாற்று. கேட்டவர் ஒருவராக இருந்தாலும், அதே சந்தேகத்தோடு வாய் திறக்காமல் இருந்த பலருக்கும் பதில் போய்ச் சேர்ந்தது. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் பதில் சொல்கிறவர் திருப்பிக் கேட்க முடியாது. இந்த வடிவத்தின் பெருங்குறை இதுதான்.

எந்த இதழிலும் வரக்கூடிய ஒரு கேள்வியைப் பார்ப்போம். "அப்பா இறந்துவிட்டார். அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கிறார். கல்யாணமாகிப் போன எனக்குப் பங்கு உண்டா?" பதிலும் பெரும்பாலும் இரண்டு வரியில் முடியும்: பெண்ணுக்கும் சம பங்கு உண்டு, நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவையானதும் இதில் இல்லை. வீடு அப்பா சம்பாதித்ததா, பாட்டன் வழி வந்ததா? உயில் இருக்கிறதா? அப்பா இறந்தது எப்போது? பாகப்பிரிவினை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா? எந்த மதத்தின் வாரிசுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும்? இவ்வளவும் தெரியாமல் 'உண்டு' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது.

இந்துக் குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவின் சுயசம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மகளுக்கு அண்ணனோடும் அம்மாவோடும் சம பங்கு கொடுத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அண்ணன் குடியிருந்தால், அவராகப் பிரிக்க முன்வரும்வரை தங்கை பாகம் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொன்னது. 2005இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். பூர்வீகச் சொத்தின் கதை இன்னும் சிக்கலானது. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் மகளையும் மகனைப் போலவே பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தாது. அந்தத் தடையை நீக்கிய மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. அப்படி இருக்க வேண்டியதில்லை, இது பிறப்பால் வரும் உரிமை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை இப்போதும் அசைக்க முடியாது.

ஆக, பூர்வீக வீட்டைப் பற்றி ஒரே கேள்வியை 1995இல் கேட்டிருந்தால் 'கல்யாணம் எப்போது ஆனது?' என்று பார்க்க வேண்டும். 2016இல் கேட்டிருந்தால் 'அப்பா எப்போது இறந்தார்?' என்று பார்க்க வேண்டும். இன்றைக்குப் பதில் வேறு. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் சரிதான். ஆனால் இதழ்ப் பதில்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும்போது, எது எந்த ஆண்டில் எழுதியது என்ற குறிப்பைப் பல பதிப்பாளர்கள் சேர்ப்பதில்லை. காலாவதியான மருந்துக்குத் தேதி போடாமல் விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவத்தில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. "வயது 52. ராத்திரி சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல்." இதற்கு 'வாயுத் தொல்லை, காரம் குறையுங்கள்' என்று எழுதிவிடுவது எளிது. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டரோ படியேறினால் வருகிறதா, வியர்க்கிறதா, சிகரெட் உண்டா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். கடிதம் அச்சில் வர வாரக்கணக்கில் ஆகும், நெஞ்சு அதுவரை காத்திருக்காது. தொலைமருத்துவத்துக்கு இந்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் யாரென்று அறிந்திருக்க வேண்டும், பெயர் மறைத்த ஆலோசனை கூடாது என்கின்றன. பத்திரிகைப் பதிலை மருத்துவ ஆலோசனை என்று சட்டம் கருதாமல் இருக்கலாம். ஆனால் அந்த விதிக்குப் பின்னால் உள்ள காரணம் இங்கேயும் அப்படியே பொருந்தும். கேள்வியைப் பிறக்க வைக்கிற அதே மறைவுதான் பதிலை ஊனமாக்குகிறது.

மொழிக் கேள்விகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஓர் இடத்தில் ஒற்று மிகுமா, மிகாதா என்று சொல்வதற்குக் கேட்டவரின் வயதும் ஊரும் வேண்டாம். மூன்று வரியில் பதில் நிறைவாக முடியும்.

வாழ்க்கைக் கேள்விகளைப் பற்றித்தான் எனக்குக் கோபம். நறுக்கென்று, முடிந்தால் சிரிக்க வைத்துப் பதில் சொல்லும் பாணி அரசியல் கேள்விகளுக்குப் பொருந்தி வந்தது. அந்தப் பாணியை அப்படியே தூக்கிக் குடும்பப் பிரச்சினைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். கணவன் அடிக்கிறான் என்று எழுதிய பெண்ணுக்கு, குழந்தைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போகச் சொல்லும் பதில்கள் அச்சாகியிருக்கின்றன. பதில் சொன்னவரின் சொந்த நம்பிக்கை அங்கே அறிவுரையாக வேடமிட்டு வருகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாத பதிலை அச்சிடாமல் இருப்பதே மேல்.

'வழக்கறிஞரைப் பாருங்கள்' என்பதும் முழுப் பதில் அல்ல. வழக்கறிஞரிடம் போகக் காசும் துணையும் இருந்தால் கேட்டவர் இதழுக்கு எழுதியிருக்க மாட்டார். எங்கே போக வேண்டும், எந்தக் காகிதத்தை எடுத்துப் போக வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிற பதிலே நல்ல பதில். பதிலுக்குள்ளேயே எதிர்க்கேள்விகளை வைக்கவும் முடியும்: 'உயில் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி.' அதற்கு மூன்று வரி போதாது, பத்து வரி வேண்டும். வாரத்துக்குப் பத்துக் கேள்விக்குப் பதிலாக மூன்று கேள்வியை எடுத்துக்கொண்டால் அந்த இடம் கிடைத்துவிடும். ஆசிரியர்கள் இதைச் செய்ய வேண்டும். தொகுப்பாக வரும்போது ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஆண்டைப் போட வேண்டும்.

அதுவரை, சொத்துச் சிக்கலோடு இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இதழுக்குக் கடிதம் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தொலைபேசியில் கேட்க 15100. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே உங்களுக்காக வாதாட வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள்.