மூடி அளவு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் ஃப்ளை மீன்பிடி மரபுகளைப் பற்றி ஒரு கட்டுரை. செயலாளர் போனில் தலைப்பைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாட்டில் விஷயம் மட்டும் வேண்டாம் சார், விளம்பரம் கொடுத்தவங்க மனசு நோகும்" என்றார். அந்தத் தம்பி மீது எனக்கு அன்பு உண்டு. சங்கத்துக் கணக்கை அவர் வைத்திருக்கும் ஒழுங்கை மூத்தவர்களே மெச்சுகிறார்கள். ஆனாலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆற்றில் நின்றவனிடம் மரபைக் கேட்டுவிட்டு, 'தண்ணி'யை விட்டுவிட்டு எழுது என்றால் நான் எதை எழுதுவது?

பரம்பரை நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். 1860களில் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர ஃபிரான்சிஸ் டே பட்ட பாடும், 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போ ட்ரவுட்டை நிலைக்கச் செய்ததும் பழைய மலர்களில் வந்தவை. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தையும் நாம் அலுக்காமல் பேசியிருக்கிறோம். அவற்றைத் தாண்டி வருகிறேன்.

வெளிநாட்டுப் பள்ளிகளில் நமக்கு உறவுள்ளவை இரண்டு. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைக்காரர்கள் ஒரு சாரார். ஃப்ளை மிதக்க வேண்டும், மேல்நோக்கி வீச வேண்டும், கண்ணில் பட்ட மீனுக்கே வீச வேண்டும் என்று 1889-ல் ஹால்ஃபோர்டு எழுதிவைத்தார். நீருக்கடியில் இரை தேடும் மீனுக்கு நிம்ஃப் என்ற மூழ்கும் ஃப்ளையைப் போட்டால் என்ன குற்றம் என்று 1910-ல் ஸ்கூஸ் கேட்டார். அந்த வழக்கு 1938-ல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் விவாதமேறும் அளவுக்கு நீண்டது. மிதக்கலாமா, மூழ்கலாமா என்று அரை நூற்றாண்டு வழக்காடியவர்கள் அவர்கள். அந்த நுணுக்கத்தை மதிக்கிறேன். அந்தப் பள்ளியைச் சேர்ந்த நம் உறுப்பினர்கள் இருவரும் எனக்கு நெருங்கிய நண்பர்கள் என்பதால் இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் மறு சாரார். ஏரியிலும் பெரிய ஆற்றிலும் ஈர ஃப்ளை, கீழ்நோக்கி வீச்சு, கூடவே கில்லி என்கிற வழிகாட்டி, சட்டைப்பையில் தட்டையான ஃப்ளாஸ்க். டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15-ல் திறக்கிறது. கென்மோரில் அன்றைக்குக் குழல் வாத்தியத்தோடு ஊர்வலமாக ஆற்றுக்குப் போய், படகின் முகப்பில் விஸ்கி ஊற்றிவிட்டுத்தான் முதல் வீச்சு. நம் ஊரில் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பது மாதிரி. முதல் வாய் படகுக்கு, அப்புறம்தான் மனிதருக்கு. பழைய ஆள்களில் நல்லவர்கள் ஃப்ளாஸ்க்கைத் திறந்ததும் முதலில் கில்லியிடம் நீட்டினார்கள் என்று எங்கள் பள்ளியில் வாய்வழியாகச் சொல்லிவந்தார்கள்.

வால்டனைச் சிலர் இந்த இடத்தில் இழுப்பார்கள். 1653-லேயே அவர் நூலில் வரும் தூண்டில்காரர்கள் ஏல் கடையில் இறங்கிக் குடிக்கவில்லையா என்பார்கள். இறங்கினார்கள். கடைக்குள் போய்க் குடித்தார்கள். ஓடைக்குள் நின்றுகொண்டு ஒரு கையில் கம்பும் மறு கையில் பீர் டின்னுமாகப் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

நீலகிரிக்கு வந்த தேயிலைத் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. அதனால் நமக்கு வாய்த்தது ஈர ஃப்ளை. பீட்டர் ராஸ், புட்சர், மார்ச் பிரவுன் என்ற ஃப்ளைப் பெயர்களை ஆங்கிலம் அறியாத நம் ஆற்றுக் காவல் வாட்சர்கள்கூடத் தெளிவாகச் சொன்னார்கள். ஃப்ளாஸ்க்கும் அதே கப்பலில் வந்ததுதான். மூணாறுக்காரர்களின் வழக்கம் வேறு. அவர்களுடைய ஹை ரேஞ்ச் கிளப்பின் பாரில் பழைய துரைமார்களின் தொப்பிகள் சுவரில் தொங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நான் அறிந்த மூணாறுக்காரர்கள் குடியைத் தொப்பிகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு டீ மட்டும் கொண்டுபோனார்கள். பைக்காரா பக்கத்து நம் உறுப்பினர்கள் மீனுக்கு ஒரு ஃப்ளாஸ்க் மூடி என்று கணக்கு வைத்திருந்தார்கள். மீன் அதிகம் பிடிபட்ட நாளில் அது என்ன கணக்காகும் என்று கேட்டால் சிரிப்பார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் வழியைப் பற்றி எழுத வேறு ஆள் இருக்கிறார்.

நான் எழுத வேண்டியது எங்கள் ஆசானைப் பற்றி. பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூத்த உறுப்பினர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சின்ன வயதில் துரைக்குப் பை தூக்கப் போய், பை தூக்கிக்கொண்டே வீச்சைக் கண்ணால் கற்றவர். துரை ஊருக்குப் போகும்போது ஒரு பழைய ஹார்டி மூங்கில் கம்பையும், வெள்ளிப் பூச்சுப் போன ஒரு ஃப்ளாஸ்க்கையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அது மதுவிலக்குக் காலம். 1948-லிருந்து மாகாணம் முழுக்கக் கடை கிடையாது. டாக்டர் சீட்டு வாங்கி பர்மிட் எடுத்தவருக்கே பிராந்தி. ஆசானிடம் இரண்டு காகிதங்கள் ஒரே உறையில் இருக்கும். மீன்பிடி லைசென்ஸ் ஒன்று, பர்மிட் ஒன்று. "ரெண்டிலயும் அளவு எழுதியிருக்கு தம்பி. மீறினா ரெண்டையும் புடுங்கிடுவான்" என்பார். எத்தனை அங்குலத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது ஒன்றில். மாதத்துக்கு எவ்வளவு என்பது மற்றொன்றில்.

அவருடைய முறை இப்படி. காலையில் பட்டு நூலுக்குக் கொழுப்புத் தடவுவார். பட்டுப்புழு நரம்பை ஈரத் துணிக்குள் ஊறவைப்பார். ஊறாத நரம்பு முடிச்சில் முறியும். நாள் முழுக்க ஃப்ளாஸ்க் பையின் அடியில் கிடக்கும். சாயங்காலம் கம்பை மூன்று துண்டாகப் பிரித்துத் துணிப்பையில் போட்டு, ரீலை உறையிலிட்டு, நாடாவைக் கட்டின பிறகுதான் ஃப்ளாஸ்க் வெளியே வரும். அதன் திருகு மூடிதான் அளவு. முதல் மூடி வாட்சருக்கு; அவர் வேண்டாம் என்றால் டீயை அதே மூடியில் ஊற்றித் தருவார். கடைசி மூடி தனக்கு. இரண்டாவது சுற்று கிடையாது. குளிர் எலும்பைக் கடிக்கும் ஜனவரியிலும், உறைபனியில் எமரால்டு கரைப் புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல் நிற்கும் விடிகாலையிலும் இந்த வரிசை மாறியதில்லை.

காரணம் கேட்டேன் ஒரு முறை. அவர் அறநெறி ஒன்றும் சொல்லவில்லை, வீச்சைச் சொன்னார். பின்வீச்சில் நூல் முழுக்கப் பின்னால் போய் நீளும்வரை கை நிற்க வேண்டும். அரை மூச்சு நேரம்தான். ஒரு மூடி உள்ளே போனால் முதலில் போவது அந்த அரை மூச்சு. நூல் நீளுமுன் கை முன்னால் வந்துவிடும். சாட்டை மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஃப்ளை போய்விட்டிருக்கும். பின்னால் நின்றவர் காதில் அது போயிருக்கவும் கூடும். பிராந்தி சூடு தரும் என்பதும் பொய்தான். தோலுக்கடியில் ரத்தத்தைக் கொண்டுவந்து நிறுத்திச் சூடுபோலக் காட்டும். உடம்புக்குள் இருந்த சூடுதான் அப்படி வெளியே போகிறது. தொடையளவு குளிர்நீரில் பாசிக்கல் மேல் நிற்பவனுக்கு அது ஆகாது. குந்தா மின் திட்டத்தின் அணைகள் வந்த பிறகு, நேற்றுப் பார்த்த மட்டத்தில் இன்றைக்குத் தண்ணீர் இருக்கும் என்று நம்பவும் முடியாமல் போயிற்று.

மற்ற நடைமுறைகளையும் அவரிடமே படித்தேன். முன்னால் வந்தவருக்கு மடு சொந்தம். கீழ்நோக்கிப் போகிறவர் அவருக்குப் பின்னால்தான் இறங்க வேண்டும், முன்னால் குதிக்கக்கூடாது. நிழலை நீரில் விழவிடாதே. விடப்போகிற மீனை உலர்ந்த கையால் தொடாதே. கேட்காத ஆளிடம் எந்த ஃப்ளை என்று சொல்லாதே, கேட்டவரிடம் மறைக்காதே. இவற்றையெல்லாம் புதியவர்களும் பெரும்பாலும் காக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

மகிழ்ச்சி அந்த மட்டில்தான். நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. நம் சங்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். விருந்தினராக வருகிறவர்கள், விருந்தினருக்கு விருந்தினர், என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு ஜீப் வந்து நிற்கிறது. கதவு திறக்குமுன் பாட்டு திறக்கிறது. கம்பை மாட்டுமுன் பாட்டில். ஃப்ளாஸ்க் யாரிடமும் இல்லை. ஃப்ளாஸ்க் இல்லாததால் மூடியும் இல்லை. மூடி இல்லாததால் அளவும் இல்லை. பாட்டில் மூடியை விரலால் சுண்டி நீரில் எறிகிற ஒருவரைப் பார்த்தேன். சுண்டிய கைக்கு நல்ல வீச்சு வந்திருக்கும், கற்றிருந்தால். வாட்சருக்கு நீட்டினாரா? "அண்ணே, அந்தக் குப்பையை எடுத்துடுங்க" என்றார்.

நீலகிரிக் காட்டில் கண்ணாடி சிதறி யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் டாஸ்மாக்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் ஏற்பாடு நம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. ஒரு மாவட்டத்துக் குடிகாரர்களை நம்ப முடியாமல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் பிணை வாங்க வேண்டியிருக்கிறது. நம்மவர்களில் சிலர் அந்தப் பத்து ரூபாயையும் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கஞ்சத்தனம்கூட இவர்களைத் திருத்தவில்லை.

இது குடியோடு நிற்கவும் இல்லை. அளவு போனதும் எல்லாம் போகிறது. பிளட் நாட் போடத் தெரியாமல் கடையில் கட்டி விற்கிற லீடரை மாட்டுகிறார்கள். முடிச்சைப் பல்லால் கடிக்கிறார்கள். ஃப்ளை மீன்பிடிப்பு என்று லைசென்ஸ் எடுத்துவிட்டுப் பையில் ஸ்பூன் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பையில் மண்புழு டப்பா இருந்ததாகவும் கேள்வி. தொப்பி அணிவதில்லை. வாட்சர் பெயரைக் கேட்பதில்லை. ட்ரவுட்டை "பீஸ்" என்கிறார்கள். ஆண்டு விழாவில் மூத்தவர் பேசும்போது பின் வரிசையில் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கிறது. மீன் குறைந்ததற்கும் இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீர் சூடேறியது, மண் சரிந்தது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி மடுவெல்லாம் புரண்டது என்று மீன்வளத்துறை நண்பர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆண்டு விழாச் சத்தம் ஓடைவரை எட்டாது என்பதும் எனக்குத் தெரியும்.

என் கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். 1971-ல் மதுவிலக்கு நீங்கிக் கடை திறந்த புதிதில் நாங்கள் நான்கு பையன்கள் அவலாஞ்சிக்கு ஒரு முழு பாட்டில் எடுத்துப் போனோம். பத்து மணிக்கெல்லாம் பாதி காலி. ஆசான் மேலே இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்தார். எனக்கு அது தெரியாது. பின்வீச்சு நீளவில்லை. புட்சர் ஃப்ளை ஒன்று அவர் இடது காது மடலில் முள்வரை இறங்கிவிட்டது.

அவர் கத்தவில்லை. கல்லில் உட்கார்ந்து, முனையை மறுபக்கம் தள்ளு என்றார், தள்ளினேன். குறட்டால் முள்ளை வெட்டு என்றார். கை நடுங்கியது, இரண்டு முறை தவறவிட்டேன். கொக்கியை உருவின பிறகு பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தார். கம்பு இன்னும் மாட்டியபடியே புல்லில் கிடந்தது. ஒரு மூடி ஊற்றிக் காதில் விட்டுக்கொண்டார். பிறகு மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துவிட்டு, என்னிடம் கம்பைக் கொடுத்து, "நூலை நீளவிடு" என்றார். அன்று சாயங்காலம் வாட்சருக்கு மட்டும் ஊற்றினார். தன் பங்கு காலையிலேயே ஆகிவிட்டது என்றார்.

ஃப்ளாஸ்க்கும் மூடியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. குழு விரும்பினால் சங்கக் கண்ணாடி அலமாரியில் வைக்கத் தருகிறேன். மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கும். அதன் கீழே எழுதப்போகும் சீட்டில் அதை அவர் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். அது பின்னாளில் நான் கீழே போட்டது.