ஆப்பிளும் ஒரு கேள்வியும்

விக்டர் கிளெம்பெரரின் 'எல்.டி.ஐ.' (1947) நாஜிகளின் மொழியைப் பற்றிய புத்தகம். ஹிட்லரின் மேடைப்பேச்சுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். தூங்கவிடாமல் செய்தது ஒரு ஆப்பிள்.

கிளெம்பெரர் யூதர். டிரெஸ்டனில் 1935இல் பேராசிரியர் வேலை பறிக்கப்பட்டவர். போர்க்காலத்தில் ஆலையில் கட்டாய வேலை. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து ஃப்ரீடா என்ற தொழிலாளி, தடையை மீறி ஒரு ஆப்பிள் தருகிறாள். கூடவே, உங்கள் மனைவி ஜெர்மன்காரியாமே, நிஜமா என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான், ஆப்பிளின் சந்தோஷம் போய்விட்டது. அவளிடம் துளி வெறுப்பில்லை. ஆனால் யூதர் ஜெர்மானியராக இருக்க முடியாது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் எப்போதோ குடியேறிவிட்டது.

புத்தகம் குறிப்புகளின் தொகுப்புதான். சில இடங்களில் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. ஆனாலும் பிரச்சாரம் என்றால் பொய் என்று நினைக்கும் நமக்கு இது அவசியம். ஃப்ரீடா பொய் எதையும் சொல்லவில்லையே. யூதர்களும் அதே சொற்களைப் பேசினார்கள் என்பதையும் கிளெம்பெரர் மறைக்கவில்லை.

நாஜிகளோடு ஒப்பிட்டால் அபத்தம்தான். ஆனால் படித்த மறுநாள் மீட்டிங்கில், "இன்னும் ரெண்டு ரிசோர்ஸ் வேணும்" என்று கேட்டது நான்தான். ஆட்களைத்தான் கேட்டேன்.