ஓத்துப்பள்ளியும் ஆங்கிலப் பள்ளியும்

திற்பரப்பில் பாறையினின்று வீழும் கோதையாற்று நீர், பறளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியே சென்று தேங்காய்ப்பட்டணத்தருகே கடலைச் சேர்கிறது. மலையடிவாரத்து எமக்கும் கடலோரத்தார்க்கும் ஆறு ஒன்றே. அத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து அதனை என் மாணவன் ஒருவன் கையில் கண்டேன். “இது நமக்கு வேண்டாம் மோனே” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நான் அப்போது அதனைப் படித்திருக்கவில்லை. ஓதிக்கொடுப்போரை இழித்துரைக்கும் நூல் என யாரோ சொல்லக் கேட்டதுதான். படியாமல் விலக்கிய அக்குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டே இவ்விமர்சனத்தைத் தொடங்குகிறேன்.

நாவலின் நடுவே நிற்பவர் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்க்கிறார். அதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுகிறார். தங்கள் என்று மதிக்கப்படும் பெரியவர்மீது ஊரார் வைத்த கண்மூடித்தனமான நம்பிக்கை அவருக்குத் துணையாகிறது. ஆழ்ந்து படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். முதலாளியின் அச்சம் ஈமானைப் பற்றியதன்று. எழுத்தறிந்த ஏழைச் சிறுவன் நாளை தம் முன் தோளிலிட்ட துணியை இறக்கி நிற்க மாட்டானே என்பதுதான் அவருடைய அச்சம். அந்தஸ்தைக் காக்கும் வேலிக்கு அவர் மார்க்கத்தின் பெயரைச் சூட்டினார். ஆசிரியர் இதனைத் துணிவோடு காட்டியுள்ளார். அவருக்கு நாம் நன்றியுடையோம்.

எனினும் இந்நாவலைப் படித்த நண்பர் பலர், அரபுக் கல்வி ஒருபுறமும் நவீனக் கல்வி மறுபுறமும் நின்று போரிட்ட கதையாகவே இதனைக் கொள்கின்றனர். இது சரியன்று. தேங்காய்ப்பட்டணமும் திற்பரப்பும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் நிலப்பரப்பைச் சேர்ந்தவை. அதே திருவிதாங்கூரில் முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல வேண்டுமென்று வாதாடியவர் யார்? அரபு கற்ற ஆலிமாகிய வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873–1932) அன்றோ! 1905-இல் ‘சுதேசாபிமானி’ இதழைத் தொடங்கியவரும் அவரே. அரசின் குறைகளை அவ்விதழ் கண்டித்தமையால், 1910-இல் அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார். மௌலவியின் அச்சகமும் பறிமுதலாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. அரசுப் பள்ளிகளில் அரபியும் கற்பிக்கப்பட வேண்டுமெனக் கோரி, இரு கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமர வழி தேடினார். முன்னோர் வழியும் இதற்கு மாறானதன்று. ஹிஜ்ரி 2-இல் நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தாருள் எழுதத் தெரிந்தோர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என ஏற்பாடு செய்யப்பட்டதை வரலாறு உரைக்கிறது. பகைவரிடத்தும் கல்வி கொள்ளலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீரானின் நாவல்மீது என் குறையும் ஒன்றுண்டு. முதலாளியின் குரல் பக்கந்தோறும் ஒலிக்கிறது. அவர் மகள் ஆயிஷாவின் மணவாழ்வைக் குடும்பப் பெருமை தீர்மானிக்கிறது. அவளுக்காக நாம் கண்ணீர் உகுக்கிறோம். ஆனால் அவள் என்னவாக விரும்பினாள் என்பது, அவள் பட்ட துன்பம் நம் செவியில் விழுமளவு விழுவதில்லை. 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யிலும் மூதாதையர் பெருமையில் சாய்ந்து கிடந்து வீட்டையே அழிக்கும் முஸ்தபாக்கண்ணு நம் மனத்தில் நிலைக்கிறார். அவர் நிழலில் வளர்வோரின் கனவு மங்கலாகவே தெரிகிறது. கதவை அடைத்தவர்களை நம் நாவல்கள் நன்கு காட்டின; கதவுக்கு வெளியே செல்ல நினைத்த உள்ளங்களைப் போதிய அளவு காட்டவில்லை.

அக்கதவு பின்னர் திறந்தது. திறந்தபின் நம் இளைஞர் பலரின் கண்முன் விரிந்தது வளைகுடாப் பாதை. இம்மாவட்டத்து எழுத்தாளர் மீரான் மைதீன், சவூதி வாழ்வை எழுதிய நாவலுக்கு ‘அஜ்னபி’ எனப் பெயரிட்டது மிகப் பொருத்தம். பக்கம், விலா எனப் பொருள்படும் ‘ஜன்ப்’ என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது அது. உள்ளே சேராமல் பக்கத்தில் நிற்கும் அந்நியனை அது குறிக்கும்.

நான் நூலைப் பறித்த அம்மாணவனும் அஜ்னபியாய்ப் போனவனே. விடுமுறையில் வந்தவன், “உஸ்தாத், ஆறு வருஷம் உங்களிடம் ஓதினேன். அங்கே இறங்கியபோது தண்ணீர் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை” என்றான். அதில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. அதனாலேயே என் நெஞ்சு சுட்டது. உச்சரிப்பைத் திருத்தினேனே அன்றி, பொருளை நான் கற்பிக்கவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் ஓத்துப்பள்ளியில் அரபியுமாக மூன்று எழுத்துக்களின் நடுவே வளர்ந்தோர் வாழ்ந்த மண் இது. மலையாளத்தில் பயின்ற மீரானே தமிழில் நாவல் படைத்தார். அச்செல்வத்தை என் மாணவனின் கைக்கு நான் சேர்க்கவில்லை. முதலாளி பள்ளிக்கூடத்தை மறித்தார். நான் ஒரு புத்தகத்தை மறித்தேன். அளவில் வேறுபாடு உண்டு, செயல் ஒன்றே.

ஆகவே, இந்நாவல்களை ஜமாஅத்தாரும் உஸ்தாதுமாரும் படிக்க வேண்டுமென்பேன். படித்தபின், நம் பிள்ளைகளை, சிறப்பாக நம் பெண்மக்களை, அருகழைத்து, “நீ என்னவாக விரும்புகிறாய்?” என்று கேட்க வேண்டும். ஆயிஷாவிடம் எவரும் கேளாத கேள்வி அது. விடை நமக்கு உவப்பாய் இல்லாது போகலாம். அப்போதும் செவி கொடுப்பதே பெரியோர்க்கு அழகு.

அந்நூலை அம்மாணவனிடமே திருப்பித் தந்துவிட்டேன். தன் மகளுக்குப் படித்துக் காட்டப் போவதாகச் சொன்னான்.