‘இறுதி’ என்ற சொல்லும் ஆக்கவுரிமையும்

சட்டம் வர்க்கச் சார்பற்றது என்போர் அமெரிக்காவின் பிரெசேனியஸ் எதிர் பக்ஸ்டர் தீர்ப்பை (2013) வாசித்தல் வேண்டும். குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் தொடுதிரை பற்றிய பக்ஸ்டரின் ஆக்கவுரிமை செல்லாதென நிறுவப்படவில்லை என்று 2009இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்று கூறிற்று. ஆக்கவுரிமை அலுவலகமோ, குறைந்த அளவு சான்றே போதுமான தனது மறுபரிசீலனையில், அதே உரிமைக் கூற்றுக்களை நீக்கியது. வழக்கு அப்போதும் மேன்முறையீட்டில் நின்றதால் தீர்ப்பு ‘இறுதி’யன்று எனக் கொண்டு, 1 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட இழப்பீடும் இல்லாதொழிக்கப்பட்டது.

நிர்வாகம் நீதித்துறையை மேவுவதாக நீதிபதி நியூமன் மாறுபட்டார். அக்கவலை பொருளற்றதன்று, எனினும் அரச உறுப்புக்களுக்கிடையிலான அதிகாரப் பிரச்சினையோடு அது நின்றுவிடுகிறது. முன்னரே பணத்தைச் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்ட சிறு உற்பத்தியாளனுக்கு இத்தகைய நீக்கம் எதனையும் மீட்டுத் தராது. பத்தாண்டு வழக்காடும் மூலதனமுடையோனுக்கே அது பயன்படும்.

சிகிச்சைச் செலவைச் சுமக்கும் நோயாளர் இவ்வழக்கில் ஒரு தரப்பினரல்லர்.