பெயரோடு ஒட்டிய விதி

சர்வர் தயாராகும் முன்பே திரையை எழுதுகிறவர்களுக்குப் போலித் தரவு வேண்டும். அதை உருவாக்கித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் பல இருக்க, மாக்.ஜேஎஸ்ஸை நான் மேலே வைப்பது அதன் எழுத்துமுறைக்காக. புலத்தின் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, விதி, பிறகு மதிப்பு, அவ்வளவுதான். 'வயது|18-60': 1 என்று எழுதினால் 18க்கும் 60க்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். 'மதிப்பீடு|1-5': '★' என்றால் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்கள் வரை வரும். மதிப்பு ஒரு பட்டியலானால் அதன் உறுப்புகள் அத்தனை மடங்கு பெருகும். 'வரிசை|+1': 1 என்றால் எண் ஒவ்வொன்றாக ஏறும். விதிக்கென்று எழுதும் குறிகள் மிகக் கொஞ்சம். அவற்றின் பொருளை மதிப்பின் வகை தீர்மானிக்கிறது. ரெஜெக்ஸைக் கையாளும் விதம் இன்னும் அழகு. வழக்கமாக வந்த எழுத்துகளைச் சோதிக்கப் பயன்படும் ரெஜெக்ஸ், இங்கே எழுத்துகளைப் பிறப்பிக்கிறது. 6 முதல் 9 வரை ஓர் இலக்கம், அதன்பின் ஒன்பது இலக்கங்கள் என்று வடிவம் கொடுத்தால், இந்தியக் கைபேசி எண் போன்ற ஒன்று வந்து நிற்கும்.

பெயருக்குள் விதியைத் திணிப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிவரும் தரவில் அந்த விதி இருக்காது, பெயர் மட்டுமே மிஞ்சும். அதைவிட முக்கியம், இப்படி எழுதும் வார்ப்புரு கடைசிவரை தரவின் உருவத்திலேயே இருக்கிறது. இதையே ஜேசன் ஸ்கீமாவில் எழுதினால் வகை, கீழெல்லை, மேலெல்லை என்று ஒவ்வொரு புலமும் பல வரிகளாக நீண்டு, தரவின் உருவம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் பூலியனில் இந்தச் சிக்கனம் தடுமாறுகிறது. அங்கே 1-3 என்பது எல்லை அல்ல, விகிதம். 'சம்மதம்|1-3': true என்றால் true வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை ஊகித்து அறிய முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு தரவு வந்தால் பிழையை மீண்டும் வரவழைப்பது எப்படி என்பது இன்னொரு கேள்வி. விடை நிலையாக இருக்க வேண்டிய சோதனைக்கு விதியோ ரெஜெக்ஸோ இல்லாத நேரடி மதிப்பை எழுதலாம். அது அப்படியே வரும். திரைக்கு வேண்டியது வேறு. கையால் எழுதிய மூன்று ஒழுங்கான வரிசைகள் மறைத்துவிடும் குறையை 0-50 என்ற விதி வெளிக்கொண்டுவரும்: காலியான பட்டியல், நிரம்பி வழியும் பக்கம். சர்வருக்கு ஃபெட்ச் வழியாகப் போகும் கோரிக்கைகளை இந்த நூலகம் இடைமறித்துப் போலித் தரவைத் தராது என்பது உண்மையான குறை. அதற்காக வார்ப்புருவைக் கைவிட வேண்டியதில்லை, தரவை மட்டும் தனியே உருவாக்கிக்கொள்ளலாம்.

எழுத்துமுறையின் வலிமைக்குச் சரியான சான்று வேலிட் என்ற செயற்கூறு. போலித் தரவைப் பிறப்பித்த அதே வார்ப்புருவை வைத்து, பின்னாளில் சர்வர் அனுப்பும் உண்மைத் தரவையும் சரிபார்க்கலாம். எங்கே பிறழ்கிறது என்று பட்டியலிட்டுத் தரும். ஆகவே வார்ப்புரு இரு தரப்புக்கும் ஒப்பந்தமாகவே நிற்கிறது. நூலகம் சீனாவில் பிறந்தது. பெயர்களும் சொற்றொடர்களும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன, தமிழில் இல்லை. ஆனால் எக்ஸ்டெண்ட் என்ற செயற்கூறின் மூலம் சில வரிகளில் நம் பெயர்களையும் ஊர்களையும் சேர்த்துவிடலாம். தமிழ்ச் செயலி எழுதுகிறவர்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள்; நீளமான தமிழ்ப் பெயர் பொத்தானுக்குள் அடங்குகிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.